விலக்கிவிட வந்தவர்கள்

பிள்ளைகளா, மாமா வீட்டுப் புதுமனை புகுவிழா போட்டோக்களைக் குடும்ப குரூப்பில் போட்டிருந்தார்களே, அதைப் பார்த்துவிட்டு நீங்கள் இரண்டு பேரும் தனித்தனியாக போன் பண்ணி ஒரே கேள்வியைக் கேட்டீர்கள். "பால் காய்ச்சுற போட்டோவுல அம்மா ஏன் இல்ல?" அம்மா அப்போது பக்கத்தில்தான் இருந்தாள். ஓரமா நின்னேன்னு சொல்லுங்க என்று கையாலேயே காட்டினாள். நானும் அப்படியே சொல்லி போனை வைத்துவிட்டேன். சொன்னதிலிருந்து சோறு சரியாக இறங்கவில்லை. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் பத்தாவதோடு நின்றவன். அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிற கை, எழுத்து கோணல்மாணலாகத்தான் வரும். பெரியவளே, நீ நர்சிங் படிக்கிறாய், நான் உடம்புச் செல்லைப் பற்றி எழுதுவதில் தப்பு இருந்தால் திருத்திக்கொள். சின்னவனே, மாமாவைப் பற்றி என்று தெரிந்ததும் பாதியில் மூடி வைத்துவிடாதே. உனக்கு அவரைப் பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். எனக்கும் பிடிக்கும் என்றுதான் ரொம்ப நாள் இருந்தது.

அம்மாவுக்கு நோய் வந்தபோது நீங்கள் இரண்டு பேருமே வீட்டில் இல்லை. நீ திருச்சியில் ஹாஸ்டலில், இவன் ஓசூர் கம்பெனியில். நான் முதலில் கவனித்தது ஒரு புளி டப்பாவில். விடியற்காலை ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். அம்மா அடுப்பங்கரையில் தரையில் உட்கார்ந்து, டப்பாவை இரண்டு முழங்காலுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, இரண்டு உள்ளங்கையாலும் மூடியைத் திருகப் பார்த்துக்கொண்டிருந்தாள். விரல் எதுவும் மடங்கவில்லை. பலகை மாதிரி விறைத்து நின்றது. நான் வாங்கித் திறந்து கொடுத்தேன். "எனக்கே தெறக்க முடியும், நீங்க கெளம்புங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அப்புறம் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. பால் பாக்கெட்டைப் பல்லால் கடித்துக் கிழிப்பாள். ஜாக்கெட் கொக்கியை மாட்ட என்னைக் கூப்பிடுவாள், அதுவும் சிரித்துக்கொண்டே, விளையாட்டுக்குக் கூப்பிடுகிற மாதிரி. விரல் கணுவெல்லாம் வீங்கி, தொட்டால் சுடும். ஆனால் வெயில் ஏற ஏறக் கை இளகிவிடும். மத்தியானத்தில் பார்த்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருப்பாள். காலையில் பார்த்தவனுக்குத்தான் அது நோய். மத்தியானம் பார்த்தவனுக்கு அது நடிப்பு. நோய் அவளைக் கெடுத்ததைவிட இந்த மத்தியானம்தான் அதிகம் கெடுத்தது.

வாரத்தில் ஒரு நாள் வெளியூரிலிருந்து பெரம்பலூருக்கு வந்து பார்க்கிற மூட்டு டாக்டரம்மா ஒருவரிடம் அழைத்துக்கொண்டு போனேன். ரத்தம் எடுத்தார்கள், கையைப் படம் எடுத்தார்கள். முடக்குவாதம் என்றார். நம் பக்கத்தில் சரவாங்கி என்பார்களே, அதுதான்.

"கிருமி எதும் இல்லங்கிறீங்க. அப்பறம் ஏம்மா வீங்குது?" என்று கேட்டேன்.

"கிருமிய அடிக்க வேண்டிய படையே இவங்க மூட்ட அடிக்குதுங்க."

"அத நிறுத்த உள்ள ஆளே இல்லையா?"

நான் கோபத்தில்தான் கேட்டேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். வெளியே எவ்வளவோ பேர் காத்திருந்தார்கள், ஆனாலும் சொன்னார்.

"இருக்குங்க. சண்ட போடுற செல்லு இருக்குற மாதிரியே, போதும் நிறுத்துன்னு அடக்குறதுக்கும் தனியா செல்லு இருக்கு. ரெகுலேட்டரி டி செல்லுன்னு பேரு. எல்லார் ஒடம்புலயும் இருக்கு. இவங்க ஒடம்புலயும் இருக்கு."

"இருந்துமா இப்படி?"

"அதான் கஷ்டமே. வீங்குன மூட்டுலேருந்து நீரு எடுத்துப் பாத்தா, ரத்தத்துல இருக்குறத விட அங்கதான் அதுங்க அதிகமா கூடி நிக்குதுன்னு ஆராய்ச்சி பண்றவங்க சொல்றாங்க. வருது. வந்து நிக்குது. ஆனா அடக்க முடியல."

ஏன் என்று கேட்டோம். சண்டை நடக்கிற இடத்தில் சண்டை போடுகிற செல்கள் ஏதேதோ ரசாயனம் கக்குமாம். அந்தச் சூட்டில் இந்த விலக்கிவிடுகிற செல்லுக்குத் தெம்பு போய்விடுமாம். அடிக்கிற செல்லும் வெறி ஏறி, விலக்குவதைக் காதில் வாங்காதாம். கடைசியாக ஒன்று சொன்னார், அதுதான் எனக்கு மறக்கவே மாட்டேன் என்கிறது. விலக்கிவிட வந்ததில் சிலது அந்தச் சூட்டிலேயே கிடந்து கிடந்து குணம் மாறி, தானும் சேர்ந்து அடிக்க ஆரம்பித்துவிடுமாம்.

இதைக் கேட்டதும் அம்மா சிரித்துவிட்டாள். "எங்க அண்ணனத்தான் உள்ள அனுப்பணும் டாக்டர். எங்க ஊருல யாரு சண்ட போட்டாலும் அவருதான் நடுவுல போயி நிப்பாரு." டாக்டரம்மாவும் சிரித்தார். நானும்தான் சிரித்தேன்.

பிறகு டாக்டரம்மா அம்மாவின் கையை மேசை மேல் வைத்து ஒவ்வொரு விரலாக நீவிப் பார்த்தார். "இப்ப வெரலு எதுவும் வளையல. எலும்பும் கெடல. நல்ல நேரத்துல வந்துட்டீங்க. இந்த மாத்திரைய வாரத்துக்கு ஒரு நாள் போடணும். மெதுவாத்தான் கேக்கும். கேக்கலன்னு வுட்டுடாதீங்க. வளைஞ்சிருச்சின்னா அப்பறம் எந்த மருந்தும் நிமித்தாது" என்றார். எந்தக் கிழமை என்று அம்மாதான் முடிவு பண்ணினாள். சனிக்கிழமை. கல்லங்குறிச்சி பெருமாளுக்கு உகந்த நாள், மறக்காது என்றாள். அன்றைக்கு விரதத்தையும் விட்டுவிட்டு, இரண்டு இட்லி சாப்பிட்டு மாத்திரை போட்டாள். பெருமாள் கோவிச்சுக்க மாட்டார் என்று எனக்கே சமாதானம் சொன்னாள்.

மாமாவைப் பற்றி அவள் டாக்டரிடம் சொன்னது பொய் இல்லை. போர்வெல் தண்ணீர்ச் சண்டையில் மண்வெட்டியோடு நின்ற இரண்டு பேருக்கு நடுவில் அவர் போனதை நானே பார்த்திருக்கிறேன். தோளில் கிடக்கிற துண்டை எடுத்து இடுப்பில் இறுக்கிக் கட்டுவார். அதைப் பார்த்தாலே பாதிப் பேர் அடங்கிவிடுவார்கள். அவர் முன்கையில் நீளமாக ஒரு தழும்பு இருக்கிறதே, அது யாருடைய சண்டையோ, யாருக்கோ விழ வேண்டிய வெட்டு. சின்னவன் குழந்தையாக இருந்தபோது அதைத் தடவித் தடவிக் கதை கேட்பான்.

இப்போது வெங்காயக் கதைக்கு வருகிறேன். நம் ஊரில் சின்ன வெங்காயம் பிடுங்கினால் பெண்கள் மாத்தாள் வேலைதான் பார்ப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும். இன்றைக்கு உன் வெங்காயக் கொல்லைக்கு நான் வந்தால், என் கொல்லைக்கு நீ வர வேண்டும். அங்கே கூலிப் பேச்சே கிடையாது, கைக்குக் கை. அம்மா கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்தே அந்தக் கூட்டத்தில் இருப்பவள். மாமா வீட்டு அத்தை இருக்கிறாள், அக்கம்பக்கத்துப் பெண்கள் இருக்கிறார்கள். அந்த வருஷம் முதலில் அறுவடைக்கு வந்தது மாமா கொல்லை.

மார்கழி முடிந்து தை பிறந்த சமயம். விடிந்தும் விடியாமலும் பனியில் போய் உட்கார வேண்டும். பிடுங்கிப் போட்ட வெங்காயத்தைக் குவியல் குவியலாகப் பிரித்து, ஆளுக்கொரு குவியல் முன்னால் சாக்கை விரித்து உட்கார்ந்து, சின்னக் கத்தியால் மேலே இருக்கிற தாளை அறுத்துப் போடுவார்கள். மாத்திரை போட ஆரம்பித்துக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது, இன்னும் கேட்கத் தொடங்கவில்லை. அந்தக் குளிரில் அம்மாவால் கத்தியைப் பிடிக்கவே முடியவில்லை. பக்கத்திலிருந்தவர்கள் குவியல் கரைந்துகொண்டே போனது, அவளுடையது அப்படியே இருந்தது. மத்தியானத்துக்கு மேல் எல்லாரையும் பிடித்துவிட்டாள். அதுதான் வினையாகப் போயிற்று.

மறுநாள் எனக்கு ஷிப்ட் இல்லை. காலையில் அவளுக்குச் சுடுதண்ணீர் பிளாஸ்க் கொண்டுபோனேன், கையை நனைத்துக்கொள்ளட்டும் என்று. வரப்பில் ஏறும்போதே வரிசையில் இருந்த பெண்கள் பேச்சு கேட்டது.

"ஏன்க்கா, வெயிலு வந்தாத்தான் ஒனக்குக் கை வருமா? ஓணானா நீ?"

"அவளுக்கு அவ வூட்டுக்காரரு கைய அமுக்கி வுட்டுட்டு அனுப்புறாராம். அந்த மயக்கம் தெளியவே உச்சி வெயிலு ஆயிருதாம்."

வரிசை பூராவும் சிரித்தது. அம்மாவும் சிரித்தாள். அத்தை தலையைத் தூக்காமலே சொன்னாள்: "டாக்டரு அவளுக்கு ஒரு பேரு வச்சிக் குடுத்துருக்காரு. எங்களுக்கும் ஒரு பேரு வச்சிக் குடுத்தா நாங்களும் மத்தியானமா வருவோம்ல."

அப்போதுதான் மாமா வண்டியில் டீ கேனோடு வந்தார். எனக்கு மனசு லேசானது. தங்கச்சியை இப்படிக் கேலி பண்ணுகிறார்கள், இப்போது துண்டை இடுப்பில் கட்டப்போகிறார் என்று பார்த்துக்கொண்டே நின்றேன். அவர் வரிசையைப் பார்த்தார், அவள் குவியலைப் பார்த்தார். துண்டு தோளிலேயே கிடந்தது.

"ஏம்மா, இந்த ஒரு வெள்ளாமைக்கு மட்டும் பல்லக் கடிச்சிக்கயேன். நாலு பேரு முன்னாடி எனக்கும் பேச முடியல பாரு" என்றார். பிறகு எல்லாருக்கும் டீ ஊற்றிக்கொண்டே வந்தவர், அவளிடம் வரும்போது அத்தையைப் பார்த்துச் சொன்னார்: "ஓணானுக்கு நல்லாச் சூடா ஊத்து. கை ஓடட்டும்."

வரிசை முன்பைவிடப் பலமாகச் சிரித்தது. இதுவரைக்கும் அது பெண்களுக்குள் ஓடிய கேலி. அவர் வாயால் வந்ததும் அது பேராகிவிட்டது. அந்த வெள்ளாமை முடிகிற வரைக்கும் அவளுக்கு ஓணான் என்றே பேர் இருந்தது.

நான் சும்மா இருக்கவில்லை. "மச்சான், அவளுக்கு ஒடம்பு முடியல. அவளுக்குப் பதிலா கூலிக்கு ஆளு அனுப்புறேன்" என்றேன்.

அத்தை கத்தியைக் கீழே வைத்தாள். "கூலிக்கு ஆளு வைக்க எங்களுக்குத் தெரியாதாண்ணே? மாத்தாளுன்னா அவ கைதான் வரணும். ஆள அனுப்புறதா இருந்தா ஒங்க கொல்லைக்கு நாங்க யாரும் வர மாட்டோம். இப்பவே சொல்லிட்டேன்."

நான் மாமாவைப் பார்த்தேன். அவர், "மாப்ள, இது பொம்பளைங்க வெவகாரம். நீ ஒன் லாரியப் பாரு" என்று சொல்லிவிட்டு வண்டியை உதைத்தார்.

அன்றைக்குச் சாயங்காலமே மாமா நம் வீட்டுக்கு வந்தார். வாரச் சந்தையில் உட்கார்கிற ஒருவரிடம் வாங்கியதாம், காகிதத்தில் மடித்த பொடி. காலையில் சுடுதண்ணீரில் கலக்கிக் குடித்தால் வாதம் ஓடிப்போகும் என்றார். "இங்கிலீஷ் மருந்து கூடச் சேக்கக் கூடாதாம்மா. சூடு ரெண்டும் சேந்தா ஆவாதாம்." அவர் கண்ணில் ஈரம்கூட இருந்தது. அவர் கெட்ட எண்ணத்தில் கொடுத்தார் என்று நான் எழுத மாட்டேன். தங்கச்சி மேல் பாசம் இருந்தது. அந்தப் பாசத்தைக் காலையில் வரிசைக்கு முன்னால் காட்ட முடியாமல், சாயங்காலம் பொட்டலமாகக் கட்டிக் கொண்டுவந்தார்.

பொடி வேலை செய்தது. அதுதான் கொடுமை. சில நாளிலேயே விடியற்காலையில் கை மடங்கியது. கொல்லைக்கு முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தாள். மாத்திரையை விடாதே என்று நான் கத்திப் பார்த்தேன்.

"அது போட்டும் காலையில கை வரல. இது குடிச்ச மறுநாளே வருது. நான் எத நம்புறது?" என்றாள்.

"டாக்டரம்மா மெதுவாத்தான் கேக்கும்னாங்கல்ல?"

"மெதுவாக் கேக்குற வரைக்கும் வெங்காயம் காத்துக்கிட்டு இருக்குமா? நம்ம கொல்லைக்கு ஆளு வராட்டி நீங்க லாரிய நிறுத்திட்டு வந்து அறுப்பீங்களா?"

சனிக்கிழமை மறுபடியும் விரத நாளாகிவிட்டது.

மாசியில் நம் கொல்லை அறுவடைக்கு வந்தது. எல்லாரும் வந்தார்கள். அத்தை வரவில்லை. அத்தை இடத்தில் தெரியாத முகம் ஒன்று சாக்கை விரித்து உட்கார்ந்திருந்தது. யாரும்மா நீ என்று கேட்டேன். "கூலிக்கு வந்தேங்க, அவங்கதான் அனுப்புனாங்க. இடுப்பு வலியாம்" என்றது அந்தப் பெண். வரிசையில் ஒருத்தியும் நிமிரவில்லை. கைக்குக் கை என்று பேசிய வாயெல்லாம் மூடிக்கொண்டு தாள் அறுத்தது. உங்கள் அம்மா என்ன சொன்னாள் தெரியுமா? "பாவம், அண்ணிக்கு நெசமாவே முடியல போல. முடியாதவங்கள என்னத்தச் சொல்றது." அன்றைக்கு எனக்கு அவள் மேலும் கோபம் வந்தது.

சித்திரையில் நீங்கள் வந்தபோது ஞாபகம் இருக்கிறதா? அம்மா முகம் உப்பிப் பளபளவென்று இருந்தது. "அம்மா குண்டாகி அழகாயிட்ட" என்று சொல்லி போட்டோ எடுத்தாயே பெரியவளே. ஊரிலும் அதைத்தான் சொன்னார்கள், இவளுக்கா நோய், மூஞ்சியைப் பாரு என்று. உன்னைக் குறை சொல்ல எழுதவில்லை. அப்போது நீ முதல் வருஷம், பொடி குடிப்பதையும் உங்களிடம் சொல்லக் கூடாது என்று அவள் சத்தியம் வாங்கியிருந்தாள்.

ஆடியில் சந்தைக்கு அந்தப் பொடிக்காரர் வருவது நின்றுவிட்டது. வீட்டிலிருந்த பொட்டலமும் தீர்ந்தது. தீர்ந்த சில நாளில் அம்மா படுத்தவள் எழுந்திருக்கவில்லை. விரல், மணிக்கட்டு, முழங்கால், தாடை மூட்டு வரைக்கும் வீங்கிவிட்டது. சோறு மெல்ல வாய் திறக்கவில்லை. லீவு சொல்லிவிட்டுக் காரில் ஏற்றிக்கொண்டு அதே டாக்டரம்மாவிடம் போனேன். அவர் திட்டுவார் என்று பயந்தேன். திட்டவில்லை. கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "பொடி ஏதும் சாப்பிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்று அம்மா தலையை ஆட்டினாள்.

"அதுல ஸ்டீராய்டு கலந்திருக்கும்ங்க. நாங்களும் அத எழுதுவோம், ஆனா அளவு பாத்து, கொறச்சிக் கொறச்சி நிறுத்துவோம். அளவு தெரியாம இவ்ளோ நாள் சாப்பிட்டு, சட்டுன்னு நிறுத்துறது உயிருக்கே ஆபத்து. மொகம் உப்புனதும் அதாலதான். சுகர் வேற ஏறியிருக்கு." புதிதாக எடுத்த கைப் படத்தை விளக்குக்கு முன்னால் பிடித்துக் காட்டினார். "வலிய அது மறைச்சிருச்சு. நோய அடக்குற மாத்திரைய நீங்க நிறுத்திட்டீங்க. உள்ளுக்குள்ள மூட்டு அரிச்சிக்கிட்டே இருந்திருக்கு."

"வெரலு?" என்றாள் அம்மா.

இரண்டு கையிலும் விரல்கள் சுண்டுவிரல் பக்கமாகச் சாய ஆரம்பித்திருந்தன. பக்கத்துப் பயிர் மேல் சாய்கிற பயிர் மாதிரி.

"இனிமே மேல கெடாம பாத்துக்கலாம்ங்க. வளைஞ்சத மருந்தால நிமித்த முடியாது."

நீ ஒருநாள் போனில் சொன்னாயே பெரியவளே, அடக்குகிற செல்லை வெளியே எடுத்துப் பெருக்கித் திரும்ப உடம்பில் விட முயற்சி பண்ணுகிறார்கள் என்று. அதையும் டாக்டரம்மாவிடம் கேட்டேன். ஆராய்ச்சியில் இருக்கிறது, நமக்கு இப்போதைக்கு இல்லை என்றார். "முடிஞ்சாலும், சண்ட நடக்குற எடத்துல அதுங்க மறுபடி கொணம் மாறாம இருக்கணும். அதத்தான் இன்னும் பாத்துக்கிட்டு இருக்காங்க" என்றார். அதுவரைக்கும் இந்த மாத்திரைதான், சண்டைச் சூட்டைத் தணித்து வைத்தால் விலக்கிவிடுகிறதுக்கும் கொஞ்சம் இடம் கிடைக்கும் என்றார்.

வீட்டுக்கு வரும் வழியில் எனக்கு வாய் அடங்கவில்லை. "ஒங்க அண்ணன உள்ள அனுப்பணும்னு சொன்னியே. அனுப்பியாச்சு. பொட்டலத்துல மடிச்சி அனுப்புனாரு" என்றேன்.

அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். "ரத்தத்துல இருக்குறதையும் எங்க அண்ணனையும் ஒண்ணா வச்சிப் பேசாதீங்க" என்றாள்.

இனி நீங்கள் கேட்ட போட்டோ. அடுத்த வைகாசியில் மாமா புது வீடு கட்டி முடித்து, தட்டில் பழம் வைத்து நேரில் வந்து கூப்பிட்டார். "கூடப் பொறந்தவ நீதான். நீதான் வந்து பால் காய்ச்சணும்" என்றார். அந்த ஒரு வார்த்தையில் அம்மாவுக்கு எல்லாம் மறந்துவிட்டது. புதுப் பால் பானை வாங்கினாள். அதில் தண்ணீர் பிடித்து, புடவைத் தலைப்பை இரண்டு பக்கமும் சுற்றி, மணிக்கட்டால் அணைத்துத் தூக்கி அடுப்பில் வைத்து, இறக்கி, மறுபடி வைத்து, தினமும் பழகினாள். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

முகூர்த்தம் விடிவதற்கு முன்னால். அவள் கை விறைத்திருக்கிற நேரம்தான் ஊருக்கு நல்ல நேரம். அதற்காக அவள் எல்லாருக்கும் முன்னால் எழுந்து, சுடுதண்ணீரில் கையை ஊற வைத்து, நீவி நீவி, விரலை இளக்கிக்கொண்டு வந்தாள். பட்டுப்புடவை. கொக்கி நான் மாட்டிவிட்டது. புது அடுப்புக்கு முன்னால் பானையோடு நின்றாள். ஐயர் பாலை ஊற்றச் சொன்னார்.

அத்தை பக்கத்தில் வந்தாள். "இவ கையிலயா? கீழ போட்டுட்டான்னா? புது வூட்டுல மொத மொதல்ல பானை வுழுந்தா நல்லாவா இருக்கும்?" என்று சொல்லி, பானையை அம்மா கையிலிருந்து வாங்கித் தன் அக்காவிடம் கொடுத்தாள். பிடுங்கினாள் என்று சொல்ல முடியாது. குழந்தை கையிலிருந்து கண்ணாடிச் சாமானை வாங்குகிற மாதிரி வாங்கினாள்.

அம்மா அத்தையைப் பார்க்கவில்லை. மாமாவைப் பார்த்தாள். அவர் ஒரு கை தூரத்தில்தான் நின்றார், அவளுக்கும் நகர்ந்து நின்ற அத்தைக்கும் நடுவில். புதுத் துண்டு தோளில் இருந்தது. அதைச் சரிபண்ணிக்கொண்டு போட்டோக்காரரிடம், "ம், எடுங்க, நேரமாவுது" என்றார். அம்மா இரண்டடி பின்னால் வந்தாள், படத்தில் விழாத இடத்துக்கு. நீங்கள் பார்த்த போட்டோ அப்போது எடுத்தது.

அதோடு முடியவில்லை. கொஞ்ச நேரத்தில் வாசலில் சத்தம். சிலிண்டரை எங்கே வைப்பது என்று பந்தல்காரருக்கும் சமையல்காரருக்கும் வாய்ச்சண்டை முற்றி, ஒருத்தர் சட்டையை ஒருத்தர் பிடித்துவிட்டார்கள். மாமா துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு என்னைத் தாண்டி ஓடினார். நடுவில் போய் நின்று, இரண்டு பேர் மார்பிலும் கை வைத்து, "வுடுங்கப்பா, நம்ம வூட்டு விசேஷம்" என்று பிரித்துவிட்டார். அடங்கிவிட்டது. வந்தவர்கள் எல்லாரும் மெச்சினார்கள். என் பக்கத்தில் நின்ற ஒருவர், "ஒங்க மச்சான் மாதிரி ஒரு ஆளு ஊருக்கு வேணும்ங்க" என்றார். ஆமாங்க என்றேன்.

சாப்பிடாமல் கிளம்பலாம் என்று அம்மாவைக் கூப்பிட்டேன். "அண்ணன் வூட்டு விசேஷத்துல சாப்பிடாம போனா நாலு பேரு என்ன பேசுவாங்க? நீங்க போங்க, நான் தாம்பூலம் குடுத்துட்டு வரேன்" என்றாள். வெற்றிலையையும் பாக்கையும் பையில் போட்டுக் கொடுக்கிற வேலையைத் தானே கேட்டு வாங்கிக்கொண்டு வாசலில் உட்கார்ந்துவிட்டாள். கேட்டவர்களிடம் கை நல்லா இருக்கு என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

இதைப் படித்துவிட்டு அவளிடம் எதுவும் கேட்காதீர்கள். அவளுக்கு அண்ணன் வேண்டும். அந்தச் சூட்டில் விலக்க முடியாமல் நின்றுவிட்டார், பாவம் என்று அவள் நினைத்துக்கொள்ளட்டும். நீங்கள் மாமா வீட்டுக்குப் போங்கள், போகாதீர்கள், நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். என்னை மட்டும் கூப்பிடாதீர்கள். சனிக்கிழமை சனிக்கிழமை போன் பண்ணி, மாத்திரை போட்டாயா என்று அவளைக் கேளுங்கள். என் வாயால் கேட்டால் அவளுக்குக் குத்திக் காட்டுகிற மாதிரி இருக்கிறது.

அன்றைக்கு நான் மட்டும் வண்டியில் வீட்டுக்கு வந்தேன். பசித்தது. ஊறுகாய் எடுக்கலாம் என்று அடுப்பங்கரைக்குப் போனேன். பாட்டில் மூடி இறுகியிருந்தது, ஷிப்டுக்குப் போகும் அவசரத்தில் நான் மூடியதுதான். திறந்தேன். பிறகு பக்கத்திலிருந்த புளி டப்பாவை எடுத்தேன், அதுவும் இறுக்கம். மிளகாய்த்தூள், எண்ணெய், உப்பு, சர்க்கரை, அவள் மாத்திரை டப்பா என்று அலமாரியில் இருந்த எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக இறக்கி, மூடியைத் திறந்து, திரும்ப மூடி, கொஞ்சம் தளர்த்தி வைத்தேன். எறும்பு ஏறாத அளவுக்கு, அவள் உள்ளங்கையை வைத்துத் தள்ளினாலே திரும்புகிற அளவுக்கு. எடுத்த இடத்திலேயே, எடுத்த வரிசையிலேயே வைத்தேன், தொட்டது தெரியக்கூடாது என்று.